பச்சை குத்துதலும் புண் ஆறுதலும்

நாமக்கல் மாவட்டத்துக் கொல்லிமலைக்குக் காரவள்ளி அடிவாரத்தினின்று 70 கொண்டையூசி வளைவுகளைக் கடந்து ஏறவேண்டும் என்பதை அம்மலைக்குச் சென்று மீண்ட நம் கல்லூரி மாணவர் பலர் தலைச்சுற்றலுடன் நினைவில் வைத்திருப்பர். ஏறி முடித்தபின் வரும் பேரூர் செம்மேடு. கடையெழு வள்ளல்களுள் ஒருவனாகிய வல்வில் ஓரிக்கு அங்கே சிலையொன்று உண்டு. ஆண்டுதோறும் ஆடி 17, 18 ஆகிய நாட்களில் அவன் பெயரால் அரசினர் விழா நடத்துகின்றனர். மலர்க் கண்காட்சியும், மலைவிளை பொருட்களாகிய மிளகு, காப்பி, பலா, சாமை முதலியவற்றின் கடைகளும் அவ்விரு நாட்களிலும் நிறைந்திருக்கும். சில ஆண்டுகளுக்கு முன் ஓர் ஆடி மாதத்தில், தாவரவியல் மாணவர்கள் இருபதின்மருடன் யாமும் அவ்விழாவிற்குச் சென்றிருந்தோம். செடி கொடிகளைக் காணச் சென்ற எமக்கு ஊசியையும் மையையும் பற்றி எழுத நேர்ந்தமைக்குக் காரணம் அங்கு நிகழ்ந்த ஒரு சிறு சம்பவமேயாம்.

வளையற்கடைக்கும் பஞ்சுமிட்டாய் வண்டிக்கும் இடையே ஒருவர் குடை விரித்து, மின்கலத்தால் இயங்கும் பச்சை குத்தும் கருவியுடன் அமர்ந்திருந்தார். தேள், இதயம், பெயரின் முதலெழுத்து எனப் படங்கள் வரைந்த அட்டை ஒன்று அவர்முன் சாய்த்து வைக்கப்பட்டிருந்தது. எம்முடன் வந்த முதலாண்டு மாணவி ஒருவர் அவ்வட்டையை நோக்கி நின்றார். அவருடைய கீழுதட்டின் ஓரத்தில் சுண்டுவிரல் நகமளவு வெண்புள்ளி ஒன்றுண்டு. வகுப்பிற் பேசும்போதெல்லாம் கைக்குட்டையால் வாயை மறைத்துக்கொள்ளும் வழக்கம் அவர்க்கு இருந்ததை யாம் முன்னரே அறிவோம். கடைக்காரர் அதனைக் கண்டுகொண்டார். “அஞ்சு நிமிசம் போதும் பாப்பா, அந்த வெள்ளையைத் தெரியாமப் பண்ணிடலாம்” என்றார். அதே வேளையில் வேறொரு இளைஞன் கையில் குத்தி முடித்த ஊசியை ஓர் ஈரத்துணியாற் துடைத்து, அதே மைக்கிண்ணத்திற் தோய்த்துக்கொண்டிருந்தார். அக்கிண்ணத்தில் அன்று காலை தொடங்கி எத்தனை பேருடைய குருதி கலந்ததோ, யாரறிவார்!

மாணவி உட்காரப் போகும் தறுவாயில், அருகில் வளையல் பார்த்துக்கொண்டிருந்த மூதாட்டியார் ஒருவர் தடுத்தார். ராசிபுரத்துப் பக்கத்தினின்று விழாவிற்கு வந்தவர். முழங்கை முதல் மணிக்கட்டு வரை கோலமும் புள்ளியுமாகப் பச்சை குத்தியிருந்தார். அறுபதாண்டுகட்கு மேற்பட்ட பச்சை அது. “குத்துறது ஒரு நாழி. ஆறுறதுதான் கண்ணு ஒரு மாசம். அந்த ஆளு ஆறுறதப் பத்தி ஒண்ணும் சொல்லலியே?” என்று அவர் கேட்டார். அக்கேள்விக்குக் கடைக்காரரிடம் விடையில்லை. மாணவியும் எழுந்துவிட்டார்.

அன்று மாலை வரை அவ்வம்மையாரிடம் யாம் கேட்டறிந்தவை பல. தம் சிறுவயதில் ஊருக்கு வந்த குறத்தி ஒருத்தி திண்ணையில் வைத்துக் குத்தியதாகவும், விளக்குப் புகைக்கரியைத் தாய்ப்பாலிற் குழைத்து மை செய்ததாகவும், குத்தி முடித்ததும் மஞ்சளை அரைத்துப் பூசியதாகவும், பத்து நாள் கிணற்றடிக்கும் வெயிலுக்கும் பாட்டியார் விடவில்லை என்பதாகவும் கூறினார். இவ்விவரங்கள் சென்னை அரசினர் பொருட்காட்சிச் சாலையின் தலைவராயிருந்த எட்கர் தர்ஸ்டன் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுதி வைத்தவற்றோடு பெரிதும் ஒத்திருக்கின்றன. மஞ்சட்பொடியையும் அகத்தியிலையையும் சேர்த்தரைத்து, மெல்லிய துணியிற் பரப்பித் திரியாகச் சுருட்டி, ஆமணக்கெண்ணெய் அல்லது நல்லெண்ணெய் விளக்கில் எரித்து, புதுச்சட்டி ஒன்றைக் கவிழ்த்து, அதன் உட்புறம் படிந்த கரியைச் சுரண்டியெடுத்துத் தாய்ப்பாலிலோ நீரிலோ குழைப்பர் என்றும், தையலூசிகள் மூன்று நான்கைச் சேர்த்துக் கட்டிக் குத்துவர் என்றும், பின்னர் வீக்கம் தணியவும் நிறம் விளங்கவும் மஞ்சள் தேய்ப்பர் என்றும் அவர் குறித்துள்ளார். முன்னேற்பாடு, குத்துதல், பின்பேணல் என்னும் மூன்றும் அப்பழந்தொழிலில் ஒன்றோடொன்று பிணைந்திருந்தன என்பது இதனாற் புலனாம். செம்மேட்டுக் கடையில் எஞ்சியிருந்தது நடுவிலுள்ள ஒன்று மட்டுமே.

உள்ளே சென்றது கரும்புகைக்கரி, வெளியே தோன்றுவதோ பச்சை. இஃது எவ்வாறு? நம் தோல் இரண்டு அடுக்குகளை உடையது. மேற்றோலின் அணுக்கள் இடையறாது உதிர்ந்து, ஏறத்தாழ ஒரு மாத காலத்தில் முழுதும் புதுப்பிக்கப்படுகின்றன. ஆதலின் அங்கு இட்ட நிறம் மருதாணி போல மறைந்துபோம். நிலைக்கவேண்டின் அதன்கீழுள்ள உட்தோலிற் சேரவேண்டும். அஃது உடலின் பெரும்பாலான இடங்களில் ஒன்று முதல் இரண்டு மில்லிமீட்டர் ஆழம். இமை, உதடு முதலிய மெல்லிடங்களில் அதனினும் குறைவு. ஆழத்திற் கிடக்கும் கரியைத் தோலின் ஊடாக நாம் காணும்போது, சிவப்பொளி உள்ளே விழுங்கப்பட்டு நீலவொளி மிகுதியாய்ச் சிதறி மீளுதலின், கருமை நீலம் பாய்ந்து தோன்றுகின்றது. நம் மக்களின் பொன்னிறத் தோலில் அது பசுமையாகவே காணப்பட்டமையாற் போலும், தொழிலுக்கே ‘பச்சை’ என்னும் பெயர் வாய்த்தது! புருவத்திற்கு நிறமேற்றுவோர் கை சற்று ஆழ்ந்துவிட்டால், பழுப்பாக இருக்கவேண்டிய புருவம் சில திங்களில் நீலமாகிவிடுவதும் இதே காரணத்தாலாம்.

உட்தோலிற் புகுந்த மையை உடல் பகையாகவே கருதுகின்றது. வெள்ளணுக்களின் இனத்தைச் சேர்ந்த விழுங்கணுக்கள் ஓடிவந்து மைத்துகள்களை விழுங்குகின்றன. ஆனால் செரிக்க இயலாது வயிற்றிற் கல்லைச் சுமந்தவர் போல அங்கேயே தங்கிவிடுகின்றன. அவ்வணு இறந்தால் துகள் வெளிப்படும். உடனே அடுத்த அணு அதனை விழுங்கிக்கொள்ளும். பிரான்சு நாட்டு மார்செய் நகர ஆராய்ச்சியாளர் 2018இல் எலிகளிடம் இதனைக் காட்டினர். ஒருபகுதித் துகள்கள் நிணநீர் வழியே அக்குள், கழுத்து முதலிய இடங்களின் நிணக்கணுக்களைச் சென்று சேர்தலும் உண்டு. எனவே பச்சை என்பது தோலின்மேல் எழுதிய சித்திரம் அன்று. ஆறிய புண்ணொன்றின் உள்ளே உடல் ஓயாது காவல் காத்துநிற்கும் நிலையே அது.

அழகுக்காகவும் குறை மறைப்பதற்காகவும் நிறமேற்றும் வழக்கம் இன்று நேற்றுத் தோன்றியதன்று. கண்ணின் கருவிழியில் வீழ்ந்த வெள்ளைத் தழும்பை மறைக்க இரண்டாம் நூற்றாண்டிலேயே கேலன் என்னும் கிரேக்க வைத்தியர் முறையொன்று கூறியுள்ளார். 1869ஆம் ஆண்டளவில் பாரிசு நகரத்து வெக்கர் என்பவர் அதே தழும்பிற்கு ஊசியால் ‘இந்திய மை’ ஏற்றினார். சீன தேசத்து மைக்கு நம் நாட்டின் பெயர் வந்த வேடிக்கை வேறு. 1835இல் ஜெர்மனியில் பௌலி என்பவர் பிறவிச் செம்மறுவின்மேல் தோல்நிறம் குத்திப் பார்த்தார். 1891இல் நியூயார்க்கில் ஓரெய்லி மின்சாரத்தால் இயங்கும் குத்துகருவிக்குக் காப்புரிமை பெற்றார். எடிசன் படியெடுப்பதற்காகச் செய்த மின்பேனாவே அதற்கு முன்னோடி. இக்காலத்தில் புருவத்திற்கும் இமையோரத்திற்கும் உதட்டிற்கும் அழகுநிலையங்களில் நிறமேற்றுகின்றனர். புருவ மயிர்போலக் கீற்றுக் கீற்றாகக் கையூசியால் எழுதுவதை மைக்ரோபிளேடிங் என்பர். மார்புப் புற்றுநோய்க்கு அறுவை செய்துகொண்ட பெண்டிர்க்கு முலைக்காம்பின் வட்டத்தை மீட்டெழுதுவதும், தழும்பிற்கும் வெண்புள்ளிக்கும் நிறமிடுவதும் வைத்தியசாலைகளில் நடைபெறுகின்றன. பின்னவை வெறும் ஒப்பனை என்று சிரித்துத் தள்ளத்தக்கன அல்ல. கைக்குட்டையின்றி நாலுபேர் முன் பேசும் துணிவும் ஆரோக்கியத்தின் ஒரு பகுதியே என யாம் கருதுகின்றோம்.

எம் மாணவியின் கதைக்கு மீள்வோம். அவருடைய இசைவு பெற்றே, பெயரைக் கூறாது, இதனை எழுதுகின்றோம். மலையினின்று இறங்கிய மறுவாரம் அவர் தம் அன்னையுடன் தோல் வைத்தியர் ஒருவரிடம் சென்றார். வெண்புள்ளி என்பது தோலுக்கு நிறந்தரும் மெலனினை ஆக்கும் அணுக்கள் அழிவதால் வருவது. தொற்றுவதன்று. தொழுநோய்க்கும் அதற்கும் யாதொரு தொடர்பும் இல்லை. ‘வெண்குட்டம்’ என்று முன்னோர் இட்ட பெயர் எத்தனையோ பெண்களின் வாழ்வைக் கெடுத்த பொய்ப்பெயர். வைத்தியர் முதலிற் கேட்டது, “புதிய புள்ளி கடைசியாக எப்போது தோன்றியது?” என்பதே. ஐந்து திங்களுக்கு முன் முழங்கையில் ஒன்று தோன்றியதாக மாணவி கூறவே, “அப்படியாயின் இப்போது ஊசி கூடாது” என்றுவிட்டார்.

இதன் காரணத்தை அறிந்துகொள்ளுதல் நன்று. வெண்புள்ளி பரவிவரும் காலத்தில் தோலிற் காயம் பட்டால், அக்காயத்தின் வழியே புதிய வெள்ளை தோன்றக்கூடும். பத்தொன்பதாம் நூற்றாண்டில் கோப்னர் என்னும் ஜெர்மானிய வைத்தியர் காளாஞ்சகப் படையில் முதற்கண் விவரித்த இத்தன்மை, வெண்புள்ளிக்கும் பொருந்தும். பச்சை குத்துவதோ ஆயிரக்கணக்கான சிறு காயங்கள். புள்ளியை மறைக்கப் போய்ப் புள்ளியைப் பெருக்கிக்கொள்ளும் அவலம் நேரலாம். ஆதலின் ஓராண்டேனும் புதியது தோன்றாமலும் பழையது விரியாமலும் இருத்தல் வேண்டும் என்பது வைத்தியர்களின் விதி. அன்று செம்மேட்டில் அவ்வம்மையார் தடுத்திராவிடில், ‘அஞ்சு நிமிசத்தில்’ இவ்விதி மீறப்பட்டிருக்கும். அந்த ஓராண்டும் களிம்பு பூசிக்கொண்டு மாணவி காத்திருந்தார். அவ்வாண்டு எளிதாய்க் கழிந்தது என்று சொல்ல மாட்டோம். இருமுறை அழகுநிலையம் ஒன்றின் விளம்பரத்தைக் கொண்டுவந்து எம்மிடம் காட்டினார்.

ஓராண்டிற்கு மேலாகியும் புதிய புள்ளி இல்லை என்று உறுதியானபின், இரண்டாமாண்டு டிசம்பர் விடுமுறையில் நாள் குறிக்கப்பட்டது. வெயில் கடுமையற்ற காலமாதலின் அம்மாதம் தெரிந்தெடுக்கப்பட்டது. அதற்குமுன் நிகழ்ந்த ஏற்பாடுகள், இத்தகைய எண்ணமுடையோர் யாவர்க்கும் பயன்படும்.

மஞ்சட்காமாலை பி வகைக்குரிய தடுப்பூசி முதன்மையானது. முதல் ஊசி, ஒரு திங்கள் கழித்து இரண்டாவது, ஆறாந்திங்களில் மூன்றாவது என மூன்று தவணை போடவேண்டுதலின், இதனை முன்கூட்டியே தொடங்கவேண்டும். சி வகைக் காமாலைக்குத் தடுப்பூசி இல்லை. எச்.ஐ.விக்கும் இல்லை. அவற்றைத் தடுப்பது ஊசியின் தூய்மை ஒன்றே. உதட்டில் முன்னெப்போதேனும் காய்ச்சற் கொப்புளம் வந்தவர்க்கு, ஊசி பட்டதும் உறங்கிக் கிடக்கும் ஹெர்ப்பீஸ் கிருமி விழித்தெழும். ஆதலின் அசைக்ளோவிர் போன்ற மாத்திரையை வைத்தியர் முன்னதாகவே கொடுப்பதுண்டு. எம் மாணவிக்கு அவ்வாறே கொடுக்கப்பட்டது. முகப்பருவுக்காக ரெட்டினாய்டு களிம்பு பூசுவோர் சில வாரங்களுக்கு முன்பே நிறுத்தவேண்டும். ஐசோட்ரெட்டினாயின் மாத்திரை உண்டவராயின் ஆறு திங்களேனும் பொறுக்கவேண்டும் எனப் பலரும் கூறுவர். ஆஸ்பிரின் முதலியன குருதியொழுக்கைக் கூட்டும் என்பது மெய்யே. ஆயினும் இருதய நோய்க்காக உண்பவர் அழகுக்காக அதனைத் தாமே நிறுத்துதல் பெரும் பிழை. வைத்தியரைக் கேளாமற் செய்யலாகாது. கருவுற்றோரும் பாலூட்டுவோரும் தள்ளிப்போடுக. நீரிழிவுடையோர் சர்க்கரையைக் கட்டுக்குட் கொணர்ந்தபின்னரே எண்ணுக. காது குத்திய இடத்திலோ அம்மை குத்திய இடத்திலோ தழும்பு தடித்து வளர்ந்தவர், கெலாய்டு என்னும் அவ்வியல்பைச் சொல்லாமல் மறைக்கலாகாது. நம் நாட்டினரிடம் இவ்வியல்பு அரிதன்று.

காதின் பின்புறத்தில் ஒரு துளி மையிட்டுச் சில வாரம் பார்த்தனர். ஒவ்வாமை உண்டாயின் அங்கேயே தெரியட்டும் என்பது கருத்து. நிறங்களுள் சிவப்பே ஒவ்வாமையை மிகுதியாய் உண்டாக்குவது. உதட்டிற்கு வேண்டியதோ சிவப்பின் சாயலே. எனவே இச்சோதனை வீணன்று. ஆயினும் சோதனையில் ஒன்றும் தோன்றாமையாற் பின்னர் ஒருபோதும் தோன்றாது என்பதில்லை. பல மாதம், ஏன், பல ஆண்டு கழித்தும் தடிப்பு எழுந்தவர் உண்டு.

கருவியின் தூய்மையைப் பற்றி விஞ்ஞான மாணவர்க்கு விரித்துரைக்க வேண்டுவதில்லை. நம் ஆய்வுக்கூடத்து ஆட்டோக்ளேவில், சதுர அங்குலத்திற்கு 15 இறாத்தல் அழுத்தத்தில், 121 பாகை சென்டிகிரேடு வெப்பத்தில் 15 நிமிடம் நீராவியூட்டியே பாத்திரங்களைக் கிருமியறச் செய்கின்றோம். ஈரத்துணியாற் துடைப்பதை எவரேனும் அதற்கு ஈடென்பரோ? பி வகைக் காமாலைக் கிருமி உடலுக்கு வெளியே ஏழு நாளேனும் உயிருடன் கிடக்க வல்லது. கண்ணுக்குத் தெரியாத உலர்ந்த குருதித் துளி போதும். ஆகவே உறை பிரிக்காத ஊசி நம் கண்முன் பிரிக்கப்படவேண்டும். மையும் ஒருவர்க்கென்று தனிக்கிண்ணத்தில் ஊற்றப்பட்டு, எஞ்சியது கொட்டப்படவேண்டும். புது ஊசியைக் காட்டிவிட்டுப் பழைய மையில் தோய்ப்பவர் உளர். மாணவர்கள் ஊசியைக் கேட்கின்றனர், மையைக் கேட்பதில்லை.

மையிலேயே கிருமி இருத்தலும் கூடும். 2011ஆம் ஆண்டின் பிற்பகுதியில் அமெரிக்க நாட்டு ராச்செஸ்டர் நகரில், பச்சை குத்திக்கொண்ட 19 பேருக்குக் குத்திய இடத்தில் ஆறாத கொப்புளங்கள் எழுந்தன. ஆராய்ந்தபோது, காசநோய்க் கிருமியின் தூரத்து உறவாகிய ஒரு கிருமி, முத்திரை பிரிக்காத மைப்புட்டியிலேயே இருந்தமை தெரிந்தது. சாம்பல்நிறம் வருவதற்காக மையோடு கலந்த நீரே காரணமாகலாம் என்று கருதப்பட்டது. தோலுக்குள் ஏற்றுதற்கென்று அமெரிக்க உணவு மருந்து ஆணையம் எந்நிறப்பொருளுக்கும் இதுகாறும் ஒப்புதல் வழங்கியதில்லை. ஐரோப்பிய ஒன்றியம் 2022 ஜனவரி முதல் ஆயிரக்கணக்கான இரசாயனங்களை இம்மைகளிற் கட்டுப்படுத்தியுள்ளது. விழாக்கடைகளில் ‘கறுப்பு மருதாணி’ என்று விற்பதையும் இங்கே ஒருவரி சொல்லிவிடுகின்றோம். இயற்கை மருதாணி சிவக்குமேயன்றிக் கறுக்காது. கறுப்பாக்குவது பெரும்பாலும் தலைச்சாயத்திற் சேரும் பாரா பினைலீன் டையமீன். குத்தாமலே தோலைக் கொப்புளிக்கச் செய்யும் வல்லமை அதற்குண்டு.

குறித்த நாளில் மாணவி வெறும் வயிறாகச் செல்லவில்லை. பசித்த வயிறும் அச்சமும் சேர்ந்தால் மயக்கம் வருமாதலின் இட்டிலி உண்டே சென்றார். நிறத்தைப் பகலொளியில், அருகிலுள்ள உதட்டின் நிறத்தோடு ஒப்பிட்டுத் தேர்ந்தனர். புகைப்படம் எடுத்தனர். மரப்புக் களிம்பு அளவாகவே பூசப்பட்டது. இதில் ஓர் எச்சரிக்கை. வலிக்கு அஞ்சிக் கடையில் வாங்கிய கடுமையான லிடோகெயின் களிம்பைப் பரந்த இடத்திற் பூசி மேலே பிளாஸ்டிக் தாள் சுற்றிக்கொண்டு செல்வோர்க்கு வலிப்பும் இருதயத் துடிப்பின் கோளாறும் நேரக்கூடும். அமெரிக்க ஆணையம் 2024இல் இதுபற்றியே அறிக்கை விடுத்தது. வேலை முடிய முக்கால் மணி ஆயிற்று.

இனி ஆறும் காலம். முதல் இரண்டு மூன்று நாட்கள் உதடு வீங்கியது. நிறமோ வேண்டியதற்கு இரு மடங்கு கருஞ்சிவப்பாய் நின்றது. கசியும் நீரைக் கொதித்தாறிய நீர் தோய்ந்த துணியால் ஒற்றி எடுக்கவேண்டும், தேய்க்கலாகாது. பெட்ரோலியம் ஜெல்லியை மெல்லிய படலமாகத் தடவவேண்டும். அப்பிக்கொண்டால் காற்றோட்டமின்றித் தோல் ஊறிப்போம். காரமும் சூடும் ஆகா. பானங்களை உறிஞ்சுகுழலாற் பருகுதல் நன்று. கை கழுவாமல் தொடுதல் கூடாது. தலையணை உறையை நாள்தோறும் மாற்றவேண்டும். அருவிக்குளியலும் குளத்து நீச்சலும் இரண்டு மூன்று வாரம் தவிர்க்கத்தக்கன. கொல்லிமலை சென்று குத்திக்கொண்டு அன்றே ஆகாயகங்கையில் தலைகொடுத்து நிற்போரை நினைக்கையில் எமக்கு நடுக்கமே உண்டாகின்றது.

ஆறாம் நாள் இரவு மாணவி தொலைபேசியில் அழைத்தார். “எல்லாம் உரிஞ்சு போச்சு சார், பழையபடி வெள்ளையாத்தான் தெரியுது” என்று அழுதார். யாம் அஞ்சவில்லை என்றால் அது பொய்யாகும். வைத்தியரைக் கேட்டபோது அவர் நகைத்து, இஃது எல்லோர்க்கும் நேர்வதே என்றார். மேற்றோலில் நின்ற நிறம் பொருக்கோடு உதிர்கின்றது. உட்தோலிற் சென்ற நிறத்தின்மேல் புதிய தோல் பால்வெள்ளைப் படலமாக மூடுகின்றது. அப்படலம் தெளிய மூன்று நான்கு வாரம் வேண்டும். அதுவரை கண்ணாடி பார்த்து வருந்துவதிற் பயனில்லை. இக்காலத்திற் பொறுமையிழந்து பொருக்கைப் பிய்ப்பவர்க்கே நிறம் திட்டுத்திட்டாய் நிற்கின்றது. பிய்க்கும்போது அடியிலுள்ள மையும் கூடவே வந்துவிடும், தழும்பும் எஞ்சும். அரிப்பெடுத்தால் சொறியாது, குளிர்ந்த தூய துணியை ஒற்றலாம். மூதாட்டியார் சொன்ன ‘ஒரு மாசம்’ எவ்வளவு நுட்பமான கணக்கு என்பதை அப்போதுதான் உணர்ந்தோம்.

மஞ்சள் பூசலாமா என்று மாணவியின் அன்னையார் கேட்டார். மஞ்சளுக்குக் கிருமியை ஒடுக்கும் ஆற்றல் ஓரளவு உண்டு. வேறு மருந்தில்லாத நாளிற் குறத்தியர் செய்தது அறிவுடைய செயலே. ஆனால் கடைத்தூள் கிருமியற்றதன்று. அதில் நிறத்திற்காக ஈயக் குரோமேட்டுக் கலந்த செய்திகளும் உண்டு. திறந்த புண்ணில் அதனை அப்புதலும், வேண்டிய நிறத்தின்மேல் மஞ்சட்கறை ஏற்றுதலும் வேண்டாதவை. மஞ்சளை விடுத்து, பாட்டியார் விதித்த மற்றிரண்டையும், அதாவது நீருக்கும் வெயிலுக்கும் விலகியிருத்தலை, அன்னையார் சிறிதும் வழுவாது நடத்தினார். வெயிற்காப்புக் களிம்பைப் புண் ஆறியபின்னரே பூசவேண்டும். அதுவரை குடையும் முக்காடுமே காப்பு.

எது இயல்பு, எது அபாயம் என்பதைப் பகுத்தறிதல் வேண்டும். முதல் இரு நாட் செம்மையும் வீக்கமும் இயல்பு. மூன்றாம் நாளுக்குப்பின் குறையாது பரவும் சிவப்பு, கூடிவரும் வலி, சீழ், துர்நாற்றம், காய்ச்சல், புண்ணினின்று ஓடும் செங்கோடு ஆகிய இவற்றுள் ஒன்று கண்டாலும் அன்றே வைத்தியரிடம் செல்க. கைவைத்தியம் கூடாது. வாரங்கள் கழித்து எழும் ஆறாத பருக்களை முகப்பரு என்று எண்ணி விட்டுவிடலாகாது. காமாலை பி வகை ஒன்று முதல் ஆறு திங்கள் கழித்தே வெளிப்படுதலின், தூய்மையில் ஐயமுள்ள இடத்திற் குத்திக்கொண்டவர் நலமாயிருக்கின்றோம் என்று வாளாவிராது குருதிச் சோதனை செய்துகொள்ளவேண்டும். முன்பே குத்திக்கொண்ட மாணவர் சிலர் எம்மிடம் வந்து நாணத்துடன் வினவியதுண்டு. நாணத்தக்கது ஒன்றுமில்லை, சோதனை அரசினர் மருத்துவமனைகளிலேயே நடைபெறுகின்றது.

ஆறு வாரம் கழித்து, ஜனவரி இறுதியில், நிறம் குறைந்த ஓரிடத்தில் மட்டும் இரண்டாம் முறை ஊசியிட்டனர். இப்போது அருகில் நின்று தேடினாலன்றிப் புள்ளி தெரியாது. முற்றிலும் மறைந்தது என்று கூறமாட்டோம். சிரிக்கும்போது உதடு விரிய, ஓரம் சற்று வேறுபட்டுத் தோன்றும். புருவத்திற்கும் உதட்டிற்கும் ஏற்றும் நிறம் ஒன்று முதல் மூன்றாண்டில் மங்கிவரும், மீண்டும் இடவேண்டியிருக்கும் என்பதும் அவர்க்குச் சொல்லப்பட்டது. வேண்டாமென்று லேசர் ஒளியால் அழிக்க முயல்வோர் ஒன்றறிக. தோல்நிறம், இளஞ்சிவப்பு முதலியவற்றிற் கலந்துள்ள இரும்பு ஆக்சைடும் டைட்டானியம் ஆக்சைடும் லேசர் பட்டவுடன் கருத்துவிடுவதுண்டு. காந்த அதிர்வுப் படமாகிய எம்.ஆர்.ஐ. எடுக்க நேர்ந்தால், இத்தகைய நிறம் ஏற்றியிருப்பதை முன்கூட்டியே தெரிவித்தல் வேண்டும். அரிதாக அவ்விடம் வெம்மையுற்று வீங்குதல் உண்டு.

மூன்றாமாண்டு ஆகஸ்டு மாதத்தில் நம் கல்லூரியில் நாட்டு நலப்பணித் திட்டத்தார் குருதிக்கொடை முகாம் நடத்தினர். எம் மாணவியும் வரிசையில் நின்றார். இறுதியாக ஊசியிட்ட நாளினின்று பன்னிரண்டு திங்கள் கழியாதவர் குருதி கொடுத்தலாகாது என்பது நம் நாட்டு விதியாதலின், ஏழே திங்கள் ஆகியிருந்த அவரை மருத்துவர் திருப்பி அனுப்பினார். அவர் வருந்தி வீடு செல்லவில்லை. நுழைவாயிலில் மேசையிட்டு அமர்ந்து, வந்தவர் ஒவ்வொருவரையும், “ஓராண்டிற்குள் பச்சை குத்தினீர்களா? எங்கே குத்தினீர்கள்?” என்று உரத்த குரலில் வினவிப் பதிவேட்டில் எழுதிக்கொண்டிருந்தார். கைக்குட்டை பையினுள் இருந்தது. அன்று மாலை வரை அவர் எழுதிய பெயர்களுள் பதினொருவர் முன் ஆண்டு விழாக்களிலும் திருவிழாக்களிலும் குத்திக்கொண்டவர்கள். அவர்களுள் ஒன்பதின்மர் மறுவாரமே சோதனைக்குச் சென்றனர். ஏனைய இருவரையும் அவர் விடாது வினவிக்கொண்டிருக்கின்றார்.